ஏழு எம்.எம்.மா, முந்நூறா?

1

போன வாரம் கடையில் எனக்கு ஒரு பித்தளை வில்லை கொடுத்தார்கள், சட்டையில் குத்திக்கொள்ள. பத்து ஆண்டுகள் ஒரே கவுண்டருக்குப் பின்னால் நின்றதற்கான பரிசு. மேலாளர் கைதட்டச் சொன்னார், எட்டுப் பேர் தட்டினார்கள், கேக் வெட்டினார்கள். கேக்கில் முட்டை இருந்ததால் என் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு கடைசிவரை சிரித்துக்கொண்டே நின்றேன். இந்தச் சிரிப்பில் எனக்கு இப்போது நல்ல தேர்ச்சி.

ஊரில் கேட்பவர்களுக்கு நான் கனடாவில் விளையாட்டுச் சாமான் கடையில் வேலை பார்க்கிறேன். அது பொய்யில்லை. கடையின் முன்பக்கம் கால்பந்தும் பனிச்சறுக்குக் கட்டைகளும் தொங்குகின்றன. நான் நிற்பது பின்பக்கம், பூட்டிய கண்ணாடி அலமாரியின் முன்னால். நான் விற்பது வேட்டைத் துப்பாக்கிக்கான தோட்டா.

வேறு யாராவது இப்படி எழுதினால் "அப்படியா" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவீர்கள். என் சொந்த ஊர் மேல்சித்தாமூர். செஞ்சிப் பக்கம், மடமும் கோயிலும் இருக்கிற ஊர். நாங்கள் தமிழ்ச் சமணர்கள். விளக்கு வெளிச்சத்துக்கு வருகிற பூச்சி சோற்றில் விழுந்து செத்துவிடுமே என்று பொழுது சாய்ந்த பிறகு சாப்பிடாத குடும்பம். தண்ணீரைத் துணியில் வடிகட்டித்தான் குடிப்போம். வடிகட்டிய துணியை எந்தக் கிணற்றுத் தண்ணீரோ அந்தக் கிணற்றிலேயே அலசிவிட வேண்டும் என்பார் அப்பா. ஒரு கிணற்றின் உயிரை இன்னொரு கிணற்றில் கொண்டுபோய் விட நமக்கு என்ன உரிமை என்று கேட்பார்.

அந்த அப்பாவிடம் பத்து ஆண்டுகளாக நான் எதை விற்கிறேன் என்று சொல்லவில்லை. இந்த இலையுதிர் காலத்தில் சொல்ல நேர்ந்தது. சொல்ல வைத்தவள் என் மகள் மல்லிகா.

2

வேலை கிடைத்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். விழுப்புரத்தில் பம்புசெட் உதிரிபாகக் கடையில் ஆறு வருஷம் கவுண்டரில் நின்றவன் நான். ஒன்றுபோலவே இருக்கிற இரண்டு பேரிங்குகளைக் கையில் வாங்கினால் எது எது என்று பார்க்காமலே சொல்வேன். கெடார் பக்கத்து விவசாயிகள் துண்டில் முடிந்து கொண்டுவருகிற தேய்ந்த சாமானை வைத்தே மோட்டாரின் வயதைச் சொல்லிவிடுவேன். இதற்கு எந்தக் கல்லூரியிலும் சான்றிதழ் தருவதில்லை.

கனடாவில் என் பட்டத்தை யாரும் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. மலையடிவாரச் சிறுநகரம், விண்ணப்பம் போடாத இடமில்லை. கடைசியில் இந்தக் கடைக்காரர் இரண்டு தோட்டாக்களை மேசையில் வைத்து, "வித்தியாசம் தெரிகிறதா?" என்றார். கையில் எடுத்தேன். "இது கொஞ்சம் உயரம், முனை கொஞ்சம் தடிமன்" என்றேன். வேலை கிடைத்துவிட்டது. என்ன சாமான் என்று பிறகுதான் உறைத்தது. அப்போது மல்லிகாவுக்கு ஆறு வயது, வாடகை வீட்டில் கணப்பு வேலை செய்யவில்லை. ஆபத்துக்குப் பாவமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்தப் பக்கம் நிற்பதற்கே ஒரு உரிமம் வேண்டும். பாடம், தேர்வு, விண்ணப்பம். விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம். நமக்கு ஏது குடும்பப் பெயர்? கடவுச்சீட்டு எடுத்தபோதே அந்த இடத்தில் அப்பா பெயரைப் போட்டிருந்தார்கள். சாந்தகுமார் என்று கூப்பிட இங்கே யாருக்கும் நா வளையவில்லை. மிஸ்டர் தனஞ்செயன் ஆகிவிட்டேன். இதை முதல் வருஷம் போனில் சொன்னபோது அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். மடத்துத் தேரோட்டத்தில் பார்த்தவர்களிடமெல்லாம், "கனடாவுல எம்பேரைச் சொல்லித்தான் எம்புள்ளையக் கூப்புடறாங்க" என்று சொல்லியிருக்கிறார்.

பித்தளை வில்லையிலும் பொறித்திருப்பது அவர் பெயர்தான்.

3

செப்டம்பர் வந்தால் என் கவுண்டரில் ஒரே கேள்வி. "ஏழு எம்.எம். மேக்னமா, முந்நூறு மேக்னமா?"

எல்க் என்கிற மானை வேட்டையாடப் போகிறவர்கள் கேட்கிற கேள்வி. இரண்டும் தோட்டா ரகங்களின் பெயர், மேக்னம் என்றால் வெடிமருந்து கூடுதலாக அடைத்தது. எல்க் நம் ஊர்க் கடமானுக்கு அண்ணன் முறை, குதிரை உயரம் நிற்கும். இந்த இரண்டு தோட்டாக்களும் ஒரே வயிற்றில் பிறந்தவை மாதிரி இருக்கும். இரண்டுக்கும் அடியில் ஒரே அளவில் ஒரு பித்தளைக் கச்சை. முந்நூறின் கூடு மூன்று மில்லிமீட்டர் நீளம் அதிகம், அதன் குண்டு அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல் பருமன், எடையும் கொஞ்சம் கூடுதல். இந்த அரை மில்லிமீட்டருக்காக அண்ணன் தம்பிகள் பேச்சுவார்த்தை இல்லாமல் இருப்பதை இந்த ஊரில் பார்த்திருக்கிறேன்.

நான் எல்லோருக்கும் சொல்வது ஒன்றுதான். "இருநூறு, முந்நூறு கஜத்துக்குள் நிற்கிற எல்க்குக்கு இந்த வித்தியாசம் தெரியாது. உங்கள் தோளுக்குத் தெரியும். முந்நூறு உதைக்கிற உதை கணிசமாக அதிகம். உதைக்குப் பயந்து சுடுகிற நேரத்தில் கண்ணை மூடுகிறவருக்குக் குண்டு எங்கே போகிறது என்று தெரியாது. எதைச் சுட்டால் உங்கள் கண் மூடாதோ, அதை வாங்குங்கள்."

தலையாட்டிக்கொண்டே கேட்பார்கள். சிலர், "நீங்கள் இதுவரை எத்தனை சுட்டிருப்பீர்கள்?" என்பார்கள். கொசுவைக்கூட அடித்ததில்லை ஐயா என்று சொன்னால் வியாபாரம் கெட்டுவிடும். சிரித்துவைப்பேன்.

4

இந்த ஞானம் சும்மா வரவில்லை. முதல் வருஷம் ஒரு தப்புச் செய்தேன். எங்கள் ஊர்க்காரனால் மட்டுமே செய்ய முடிகிற தப்பு.

பாவத்தைக் குறைக்க நானே ஒரு வழி கண்டுபிடித்திருந்தேன். யார் எந்தத் தோட்டாவைக் கேட்டாலும் அந்த ரகத்திலேயே எடை குறைந்த குண்டு உள்ள பெட்டியாகப் பார்த்து எடுத்துக் கொடுப்பேன். குண்டு சின்னதென்றால் பாவமும் சின்னது என்று கணக்கு. டேல் என்ற பண்ணைக்காரர் எல்க் வேட்டைக்கு ஏழு எம்.எம். கேட்டார். அவசரத்தில் பெட்டியின் மேல் எழுதியிருந்ததைப் படிக்காமல் வாங்கிப் போனார்.

அடுத்த வாரம் வந்தார். கோபமாகக்கூட வரவில்லை. "பட்டது, ஆனால் ஓடிவிட்டது. இரண்டு நாள் ரத்தத்தைப் பார்த்துக்கொண்டே பின்னால் போனோம். கிடைக்கவில்லை" என்றார். மீதிப் பெட்டியை மேசையில் வைத்தார். "இது நரி மாதிரிச் சின்னப் பிராணிக்கான குண்டு. பெரிய எலும்பில் பட்டால் மேலேயே பொடியாகிவிடும், உள்ளே போகாது. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது என்றேன். அது உண்மை. ஏன் அதைத் தேர்ந்தெடுத்தேன் என்பதை மட்டும் சொல்லவில்லை.

நவம்பரில் இங்கே நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும். நான் நாலு மணிக்கே பின்னறையில் உட்கார்ந்து ராத்திரிச் சாப்பாட்டை முடித்துவிடுவேன். அன்றைக்குத் தயிர்சாதம் இறங்கவில்லை. எங்கள் கொல்லைமேட்டில் கிடந்த காட்டுப்பன்றி ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

5

அப்போது நான் திண்டிவனத்தில் கல்லூரி இரண்டாம் ஆண்டு. எங்கள் நிலத்துக்கு அடுத்த நிலம் ஏழுமலையுடையது. அவரது மல்லாட்டைக் கொல்லையை, அதாவது வேர்க்கடலை நிலத்தை, பன்றிகள் இரண்டு வருஷம் தொடர்ந்து உழுது தின்றுவிட்டன. வெறுத்துப்போய் அவர் அவுட்டுக்காய் வைத்தார். பழத்துக்குள் வெடிமருந்தை மறைத்து வைப்பது. கடித்தால் வாயிலேயே வெடிக்கும்.

கடித்த பன்றி அங்கே சாகவில்லை. எங்கள் நிலத்துப் புங்கமரத்தடியில் வந்து படுத்துவிட்டது. கீழ்த்தாடை இல்லை. அப்பா செம்பில் தண்ணீரை வடிகட்டி எடுத்துப் போய் அதன் முன்னால் ஊற்றினார். அதனால் குடிக்க முடியவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கிடந்தது. அடுத்த நாளும் செம்போடு போனார். மூன்றாம் நாளும் போனார்.

மூன்றாம் நாள் ஏழுமலை கடப்பாரையோடு வந்து நின்று அழுதார். "சாமி, நான் பண்ண பாவம், நானே முடிச்சிடறேன். ஒரே அடி. வுடுங்க சாமி."

அப்பா விடவில்லை. "உயிரை எடுக்க எனக்கும் உரிமையில்ல, உனக்கும் இல்ல" என்றார். அன்றைக்குச் சாயங்காலம்தான் அது போய்ச் சேர்ந்தது. அப்பா செய்தது சரிதானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவரிடம் கேட்கவும் பயம்.

டேல் வந்துபோன மறுநாளிலிருந்து தோட்டாக்களைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். என் கையிலிருந்து போகிற எதுவும் இன்னொரு உயிரை மூன்று நாள் கிடத்தக் கூடாது என்பது ஒன்றுதான் நோக்கம். நிபுணன் ஆனது அப்படித்தான்.

6

டேலும் நானும் பிறகு நண்பர்களானோம். அவர் மகள் ஹன்னாவும் மல்லிகாவும் ஒரே வகுப்பு. மல்லிகா பள்ளியில் மாலி ஆகிவிட்டாள். ஆனால் அவள் தமிழ் முழுக்கப் போனில் தாத்தாவிடம் பிடித்தது. டொராண்டோவிலிருந்து வந்த தமிழ்க் குடும்பம் ஒன்று அவள் "போய்க்கினு, வந்துக்கினு" என்று பேசுவதைக் கேட்டு, "இது எந்த ஊர்த் தமிழ்?" என்றது. மேல்சித்தாமூர் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

செப்டம்பரில் ஒரு நாள் அவள் ஒரு படிவத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கான துப்பாக்கி உரிமம். பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு கட்டம் காலியாக இருந்தது.

"டேல் அங்கிள் எல்க் வேட்டைக்குக் கூட்டிக்கினு போறேன்னாரு. கையெழுத்து போடுங்கப்பா."

என் மனைவி விஜயா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். "நம்ம வூட்டுப் புள்ள பேசற பேச்சாடி இது?" என்றாள்.

மல்லிகாவின் கண் கலங்கியது, ஆனால் குரல் கலங்கவில்லை. "அம்மா, நான் ஹன்னா வூட்ல கறி சாப்டறேன். ரெண்டு வருஷமா சாப்ட்டுக்கினுதான் இருக்கேன். அவங்க கடையில வாங்கறதில்ல, அவங்களே வேட்டையாடினது. சாப்டறவ நான், அது எப்படி சாவுதுன்னு மட்டும் பாக்க மாட்டேன்னா, அது எனக்கு அசிங்கமா இருக்கு."

விஜயா எழுந்து போய்விட்டாள். எனக்கு வலித்தது. மறைப்பானேன், நன்றாகவே வலித்தது. பெற்ற பிள்ளை சாப்பாட்டை மாற்றி இரண்டு வருஷமாகிறது, எனக்குத் தெரியவில்லை.

"தாத்தாவுக்குத் தெரிஞ்சா என்ன ஆவும்னு யோசிச்சியா?" என்றேன்.

"நீங்க என்ன விக்கறீங்கன்னு தாத்தாவுக்குத் தெரியுமாப்பா?" என்று கேட்டாள். "நான் உங்ககிட்ட சொல்லிட்டேன். நீங்கதான் இன்னும் சொல்லல."

7

சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை காலை எங்களுக்கு, சாயங்காலம் அவருக்கு. சாப்பாட்டை முடித்துவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். சுற்றி வளைக்கவில்லை.

"அப்பா, நான் கடையில தோட்டா விக்கறேன். வேட்டைத் துப்பாக்கிக்கு."

"எத்தினி வருஷமா?"

"பத்து."

திரையில் அவர் முகம் அசையவில்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன். அறுந்திருக்கவில்லை.

"அங்க உன்ன எம்பேரச் சொல்லித்தானடா கூப்புடறாங்க?" என்றார்.

பதிலுக்கு அவர் நிற்கவில்லை. அவர் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு எழுந்து போனார். மல்லிகா விஷயத்தை அம்மாவிடம்தான் சொன்னேன். "ஏன்டா கண்ணு, ஒரே நாள்ல எல்லாத்தையும் சொல்லணுமா? ஒவ்வொண்ணா சொல்லக் கூடாதா?" என்று அம்மா அழுதாள்.

அதன் பிறகு அப்பா போனை எடுக்கவில்லை. நான் கூப்பிடும்போதெல்லாம் அவர் கொல்லையில் இருந்தார், மடத்தில் இருந்தார், குளித்துக்கொண்டிருந்தார். ஒரு மனிதர் ஒரு நாளைக்கு எத்தனை முறை குளிப்பார்? எழுபத்தெட்டு வயது. இப்படியே இருந்து ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வேன் என்று கடையில் நிற்கும்போதெல்லாம் யோசித்தேன்.

8

படிவம் பத்து நாள் மேசையிலேயே கிடந்தது. கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிடலாம். இன்னும் ஒன்றரை வருஷத்தில் அவளுக்குப் பதினெட்டு. அப்போது நானில்லாமல் போவாள். யாராவது எதையாவது கையில் கொடுப்பார்கள்.

அதற்குள்ளேயே கொடுக்கவும் தயாராகிவிட்டார்கள். ஹன்னாவுக்கு ஏழு எம்.எம். துப்பாக்கி இருந்ததால் மல்லிகாவுக்குத் தன் பழைய முந்நூறைத் தருவதாக டேல் சொல்லியிருந்தார். மல்லிகா கடைக்கே வந்து வரிசையில் நின்றாள். முறை வந்ததும், "ஏழு எம்.எம்.மா, முந்நூறாப்பா?" என்றாள். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். பத்து வருஷமாக யார் யாருக்கோ சொன்ன பதிலை அவளுக்குச் சொல்ல நாக்கு எழவில்லை. "சனிக்கிழமை சுட்டுப் பழகற இடத்துக்கு வரேன். ரெண்டையும் சுட்டுக் காட்டு" என்றேன்.

டேல் காகிதக் குறியை மாட்டினார். முதலில் முந்நூறு. நான் குறியைப் பார்க்கவில்லை, அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மூன்று முறையும் வெடிப்பதற்கு முன்பே கண் மூடியது. காகிதத்தில் ஓட்டைகள் ஆளுக்கொரு திசை, ஒன்று காகிதத்திலேயே இல்லை. பிறகு ஹன்னாவின் ஏழு எம்.எம். கண் திறந்தே இருந்தது. மூன்று ஓட்டைகளும் என் உள்ளங்கைக்குள் அடங்கின.

"இதுதான். இருநூறு கஜத்துக்கு மேலன்னா சுடக் கூடாது. குறுக்கால நிக்கலன்னா சுடக் கூடாது. சந்தேகம்னா சுடக் கூடாது" என்றேன். ஹன்னாவும் அவளும் ஒரே துப்பாக்கியை முறைவைத்துக்கொள்வது என்று டேலிடம் பேசி முடித்தேன். முந்நூறு ரகத் தோட்டா ஒன்றுகூட வண்டியில் ஏறக் கூடாது என்றேன். ஒரு கிணற்றுத் துணியை இன்னொரு கிணற்றில் அலசாத வீட்டுப் பிள்ளை நான், இதில் மட்டும் கலக்க விடுவேனா?

அன்று சாயங்காலம் கையெழுத்துப் போட்டேன். குடும்பப் பெயர் கட்டத்தில் அப்பா பெயர் இருந்தது. விஜயா மல்லிகாவின் சிவந்த தோளுக்கு மஞ்சள் பற்றுப் போட்டுவிட்டாள்.

9

உரிம அட்டை வர ஏழு வாரம். அவ்வளவு நாளும் அப்பா குரலைக் கேட்கவில்லை. என்றைக்குப் போகிறோம் என்பதை அம்மாவிடம் சொல்லிவைத்தேன். நவம்பரில் ஒரு சனிக்கிழமை காலை டேல், ஹன்னா, மல்லிகா, நான் நால்வரும் போனோம். பனி கணுக்கால் அளவு. என் கோட்டுப் பையில் ஒரு பாட்டில் தண்ணீர் இருந்தது, கிளம்பும்போது துணியில் வடிகட்டி ஊற்றியது. ஏன் எடுத்தேன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

விடிந்து கொஞ்ச நேரத்தில் எதிர்ச் சரிவில் ஒரு பெண் எல்க் வந்தது. கன்று இல்லை. தூரம் பார்க்கிற கருவியை வைத்துப் பார்த்த டேல், "நூற்றெழுபது" என்றார். அது குறுக்காக நின்றது. மல்லிகா முட்டிபோட்டு ஒரு மரக்கட்டைமேல் துப்பாக்கியைத் தாங்கினாள். சுட மாட்டாள் என்று நான் எதிர்பார்த்தேன். உண்மையைச் சொன்னால் வேண்டிக்கொண்டேன். அவள் கண் திறந்தே இருந்தது.

சுட்டாள். அந்த மிருகம் நான்கடி நடந்தது, முன்னங்காலை மடித்துச் சாய்ந்தது. நான் பனியில் விழுந்தடித்து ஓடினேன், கையில் பாட்டிலோடு. போய்ச் சேரும்போது உயிர் இல்லை. மூச்சின் ஆவிகூட இல்லை. மல்லிகா பக்கத்தில் வந்து மண்டியிட்டு அதன் கழுத்தில் கைவைத்து அழுதாள். நானும் அழுதேன். டேல் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தள்ளி நின்றார்.

அது ஒரு உயிர். அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. சரியைச் செய்தேன் என்று இதை எழுதவில்லை.

10

வீடு திரும்பும்போது மணி மூன்றரை. மல்லிகா குளித்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தாள். நாலு மணிக்கு என் போன் அடித்தது. அங்கே விடியற்காலை நாலரை. அப்பா அந்நேரம் எழுந்துவிடுகிற ஆள்தான். திரையில் படம் இல்லை, குரல் மட்டும்.

"போயிட்டு வந்துட்டீங்களா?"

"வந்துட்டோம்பா."

"தண்ணி எடுத்துக்கினு போனியா?"

"எடுத்துக்கினு போனேன். வடிகட்டித்தான் எடுத்துக்கினு போனேன்."

"குடிச்சுதா?"

"தேவைப்படலப்பா."

அவர் மூச்சு விடுவது கேட்டது. பின்னால் எங்கள் வீட்டுக் கிணற்று ராட்டினம் சத்தம் போட்டது, அம்மா தண்ணீர் இறைக்கிறாள்.

"ஏழுமலை அன்னிக்குக் கடப்பாரையோட வந்து கேட்டான்டா" என்றார் அப்பா. குரல் உடைந்துவிட்டது. "வுட்டிருக்கணுமோன்னு இத்தினி வருஷமா யோசிச்சிக்கினு இருக்கேன்."

"அப்பா..."

"சரி, அங்க பொழுது போவறதுக்குள்ள புள்ளைய சாப்டச் சொல்லு."

ஜன்னலில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. மல்லிகாவுக்குத் தயிர்சாதம் போட்டுக் கொடுத்தேன். கோட்டுப் பையிலிருந்த பாட்டிலை எடுத்து அவளுக்குப் பக்கத்தில் வைத்தேன். பாதியை அவள் குடித்தாள், மீதியை நான் குடித்தேன்.